பிளஸ் டூ மாணவர்களின் இலக்கும் நேரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து மார்ச் பொதுத்தேர்வு வரை, வகுப்பு வாசலிலும் பெற்றோர் கூட்டத்திலும் என்னிடம் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே எழுதிப் பதில் தந்திருக்கிறேன். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. பின்னால் வரும் பல பதில்கள் இரண்டாவது கேள்வியில் உள்ள கணக்கை வைத்தே எழுதப்பட்டவை என்பதால், அதை மட்டுமாவது தாண்டிப் போகாமல் படியுங்கள்.

1. சார், 600-க்கு 550 என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். இலக்கு என்றால் அவ்வளவுதானே?

அது ஆசை. நல்ல ஆசைதான், கிழிக்க வேண்டாம். ஆனால் மாலை ஏழு மணிக்குப் புத்தகத்தைத் திறந்து உட்காரும்போது 550 என்ற எண் உங்களுக்கு எந்த வேலையையும் சொல்வதில்லை. வினாத்தாள் எப்படி வரும், விடைத்தாளைத் திருத்துபவர் எப்படித் திருத்துவார் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த எண் உருவாகிறது. அவற்றில் எதுவும் உங்கள் கையில் இல்லை.

உங்கள் கையில் இருப்பது வேலை. "சனிக்கிழமை இரவுக்குள் கலப்பு எண்கள் பாடத்தில் உள்ள எடுத்துக்காட்டுக் கணக்குகளைப் புத்தகம் பார்க்காமல் போட்டுவிடுவேன்" என்பது இலக்கு. முடிந்ததா என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது கேட்டால் ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல முடியாத எதையும் வாராந்திர இலக்காக எழுதாதீர்கள். "இயற்பியலை நன்றாகப் படிக்க வேண்டும்" என்று எழுதினால், அது முடிந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

2. தினமும் பத்து மணி நேரம் படிக்கலாம் என்று இருக்கிறேன். சரியா?

முடியாது. ஏன் முடியாது என்று எண்களாகப் பார்ப்போம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் நாளுக்கு 8 வீதம் 56 போனால் 112. காலை 7.30-க்குக் கிளம்பி, சிறப்பு வகுப்பு, பஸ் எல்லாம் முடிந்து மாலை 6 மணிக்கு வீடு திரும்புகிறவருக்குப் பள்ளி நாள் ஒன்றுக்கு 10.5 மணி நேரம் போகிறது. ஐந்து நாளுக்கு 52.5, சனிக்கிழமை அரை நாள் வகுப்புக்கு 5, ஆக 57.5. மீதி 54.5. குளியல், சாப்பாடு, வீட்டு வேலை என்று நாளுக்கு 3 மணி வீதம் 21. மீதி 33.5. விளையாட்டு, நண்பர்கள், சும்மா இருப்பது எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒன்றரை மணி வைத்தால் 10.5. கடைசியில் நிற்பது 23 மணி நேரம்.

வாரத்துக்கு 23. வார நாள்களில் இரண்டு இரண்டாகப் பத்து, சனிக்கிழமை ஆறு, ஞாயிற்றுக்கிழமை ஏழு. இதைக் கேட்டதும் பல மாணவர்களின் முகம் வாடிவிடுகிறது. வாட வேண்டியதில்லை. பள்ளியில் உட்கார்ந்திருக்கும் நேரமும் படிக்கும் நேரம்தான். அங்கே கவனித்தது போக, வீட்டில் 23 மணி நேரத்தை உண்மையாகப் பயன்படுத்துகிறவர்கள் மிகவும் குறைவு. உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும். பள்ளிக்கு நடந்து போகிறவருக்கு 28 வரலாம், கடையில் அப்பாவுக்கு உதவுகிறவருக்கு 14 வரலாம். எந்த எண் வந்தாலும் அதற்குள் அடங்குகிற இலக்கை மட்டும் வையுங்கள். எண்ணிப் பார்க்காமல் வைத்த இலக்கு முதல் வாரத்திலேயே உங்களை ஏமாற்றும். அப்போது சோம்பேறி என்று உங்களையே திட்டிக்கொள்வீர்கள். தவறு கணக்கில் இருக்கும்போது பழியை உங்கள் மேல் போட்டுக்கொள்ள வேண்டாம்.

3. அட்டவணை போட்டால் இரண்டு நாள்தான் நிற்கிறது. மூன்றாம் நாள் எல்லாம் தள்ளிப் போய்விடுகிறது. ஏன்?

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டிச் சொல்வதில் மனிதர்கள் எல்லோருமே தவறுகிறோம். 1994-இல் பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள், கனடாவில் இறுதியாண்டு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் அது எப்போது முடியும் என்று கேட்டார்கள். மாணவர்கள் சொன்னது சராசரியாக 33.9 நாள். முடிக்க எடுத்துக்கொண்டது 55.5 நாள். ஒன்றரை மடங்குக்கும் மேல்.

அதனால் ஒரு வாரம் அட்டவணையே போடாமல், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று மட்டும் நோட்டின் ஓரத்தில் குறித்து வாருங்கள். வேதியியலில் ஓர் ஐந்து மதிப்பெண் வினாவைப் புரிந்து, எழுதிப் பார்க்க 40 நிமிடம் ஆகிறது என்றால் அடுத்த வாரம் அதற்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள். 20 என்று எழுதி உங்களை ஏய்த்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று: 23 மணி நேரத்தில் 20-க்கு மட்டும் வேலை எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணி நேரம் காலியாகவே இருக்கட்டும். காய்ச்சல், உறவினர் வீட்டுத் திருமணம், திடீரென்று சொல்லப்படும் வகுப்புத் தேர்வு என்று அந்த வாரத்தில் தள்ளிப் போனது எல்லாம் அந்த இடத்தில் போய்ச் சேரும். காலி இடம் இல்லாத அட்டவணை ஒரு தலைவலியைக்கூடத் தாங்காது.

4. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படித்தால்தான் மனதில் நிற்கும் என்கிறார்கள். எனக்கு எழவே முடியவில்லை.

இரவு எட்டரைக்குப் படுத்தால் நான்கரைக்கு எழலாம், தாராளமாகப் படிக்கலாம். பதினொன்றரைக்குப் படுத்து நான்குக்கு எழுந்தால் இரண்டாம் பாடவேளையில் கண் சொக்கும். காலையில் சம்பாதித்த நேரம் வகுப்பில் போய்விடும். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. அன்று படித்ததை மூளை பதிய வைத்துக்கொள்வதில் தூக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே தூக்கத்தைக் குறைத்துப் படிப்பது, படித்ததையே குறைத்துக்கொள்வதாகும்.

வீட்டில் அந்த நேரம் மட்டும்தான் அமைதி என்றால் விடியற்காலையைத் தேர்ந்தெடுங்கள். அதற்காக இரவுச் சாப்பாட்டையும் படுக்கும் நேரத்தையும் முன்னால் நகர்த்த வேண்டும் என்று வீட்டில் பேசிவிடுங்கள்.

5. எங்கள் வீட்டில் ஒரே அறைதான். டிவி ஓடும், தம்பி கத்துவான். எங்கே உட்கார்ந்து படிப்பது?

வேலையை இரண்டாகப் பிரியுங்கள். புதிய பாடத்தைப் புரிந்துகொள்வதற்கும் கடினமான கணக்குக்கும் அமைதி வேண்டும். படம் வரைவது, செய்முறைப் பதிவேடு எழுதுவது, ஒரு மதிப்பெண் வினாக்களைப் பார்ப்பது, ஏற்கனவே தெரிந்ததை எழுதிப் பார்ப்பது ஆகியவை சத்தத்திலும் நடக்கும். பலர் பள்ளியில் கிடைக்கும் அமைதியான அரை மணி நேரத்தில் பதிவேடு எழுதுகிறார்கள், வீட்டுச் சத்தத்தில் புதிய பாடம் படிக்கப் பார்க்கிறார்கள். இதை அப்படியே திருப்பிப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

உங்கள் ஊர்க் கிளை நூலகம் எப்போது திறக்கிறது என்று கேட்டு வையுங்கள். சென்னைக்காரர்களுக்குக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. நம் சொந்தப் புத்தகத்தை எடுத்துப் போய்ப் படிக்கவே அங்கே தனிப் பகுதி உண்டு. மதுரையில் 2023 முதல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் செயல்படுகிறது. தலைமையாசிரியரிடம் கேட்டால், மாலையில் ஒரு வகுப்பறையைத் திறந்து வைக்கச் சம்மதிக்கும் பள்ளிகள் பல. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். மூன்று பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

6. பஸ்ஸில் போக ஒரு மணி, வர ஒரு மணி. அதில் படிக்கலாமா?

உட்கார இடம் கிடைத்தால் ஒரு மதிப்பெண் வினாக்களைப் பாருங்கள். இயற்பியலுக்கு 15, கணிதத்துக்கு 20 என்று அவை வருகின்றன. நின்றுகொண்டு போகிறீர்கள் என்றால் புத்தகத்தை எடுக்காதீர்கள். நேற்று படித்த பாடத்தின் தலைப்புகளை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள், போதும். பஸ் நேரத்தை 23 மணி நேரக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

7. பாடக் காணொளி பார்க்கத்தான் போனை எடுக்கிறேன். ஒரு மணி நேரம் எப்படிப் போகிறது என்றே தெரியவில்லை.

போனில் வேலையும் விளையாட்டும் ஒரே திரையில் இருக்கின்றன. அந்தச் செயலிகள் உங்களை எழவிடாமல் வைத்திருப்பதற்காகவே உருவாக்கப்பட்டவை. மன உறுதியை மட்டும் நம்பி அதோடு மோத வேண்டாம். படிக்கும்போது வருகிற சந்தேகங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டே போங்கள். படித்து முடித்த பிறகு, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையாகத் தேடுங்கள். பாதிச் சந்தேகம் அதற்குள் தானே தீர்ந்திருக்கும், அல்லது மறுநாள் ஆசிரியரிடம் இரண்டு நிமிடத்தில் தீரும்.

வகுப்புக் குழுவில் வீட்டுப்பாடம் வருகிறது என்பார்கள். உண்மைதான். மாலை ஏழு மணிக்கு ஒரு முறை பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு, போனை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த அறையில் இருக்கும் போன், மேசை மேல் கவிழ்த்து வைத்த போனைவிட நல்லது.

8. எந்தப் பாடத்துக்கு அதிக நேரம்? பிடித்ததற்கா, கஷ்டமானதற்கா?

முதலில், தேர்ச்சி கேள்விக்குறியாக இருக்கும் பாடம். ஒவ்வொரு பாடத்திலும் 35 வேண்டும். ஐந்து பாடங்களில் 95 எடுத்தாலும் ஆறாவது பாடம் போனால் தேர்ச்சி இல்லை. அந்த ஆபத்து இல்லையென்றால், நீங்கள் சேர விரும்பும் படிப்பு எதை எண்ணுகிறது என்று பாருங்கள். பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண், மற்ற இரண்டில் கூடும் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம்.

பிடித்த பாடத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. களைத்துப்போன இரவில் கடைசி அரை மணி நேரத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

9. இன்று படித்தது நாளைக்கே மறந்துவிடுகிறது. நேரமெல்லாம் வீண்தானே?

மறப்பது இயல்பு. நீங்கள் எப்படித் திரும்பப் பார்க்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. பெரும்பாலோர் அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். வாசிக்க வாசிக்கக் கண்ணுக்குப் பழகிவிடும். பழகியதைத் தெரிந்ததாக எண்ணிக்கொள்கிறோம். ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு பகுதியைத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, வாசித்த பின் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். பொதுத்தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

ஆகவே ஒரு மணி நேரம் ஒதுக்கினால் 35 நிமிடம் படியுங்கள், புத்தகத்தை மூடிவிட்டு 25 நிமிடம் எழுதுங்கள். மூன்று நாள் கழித்துப் பத்து நிமிடம், ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம், மறுபடியும் வெறும் தாளில். எழுத வராமல் திணறும் அந்த இரண்டு நிமிடம் எரிச்சலாக இருக்கும். அதற்குப் பயந்து உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள். மூளை தேடிக் கண்டுபிடிக்கும் அந்த உழைப்பில்தான் பாடம் பதிகிறது.

10. தண்ணீர் பிடிப்பது, பாத்திரம், தம்பியைக் கிளப்புவது எல்லாம் நான்தான். அண்ணன் எதுவும் செய்வதில்லை. எனக்கு எங்கே சார் 23 மணி நேரம்?

இந்தக் கேள்வியை ஒவ்வோர் ஆண்டும் மாணவிகள் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள், அதுவும் மற்றவர்கள் போன பிறகு. இரண்டாவது பதிலில் வீட்டு வேலையையும் சாப்பாட்டையும் சேர்த்து நாளுக்கு மூன்று மணி என்று வைத்தேன். உங்களுக்கு அது ஐந்தோ ஐந்தரையோ ஆகும். வாரத்துக்குப் பதினான்கு மணியோ அதற்கு மேலோ கூடுதலாக அதிலேயே போய்விடும். அப்படியானால் உங்கள் எண் அதிகபட்சம் ஒன்பதுதான். அந்த ஒன்பது மணி நேரத்தில் நீங்கள் 23 மணி நேரக்காரருடன் போட்டியிடுகிறீர்கள். "இன்னும் நன்றாகத் திட்டமிடு" என்று உங்களிடம் சொல்வது அநியாயம். இங்கே மாற வேண்டியது வீடு.

ஒரு வாரம் நீங்கள் செய்த வேலைகளை நேரத்தோடு எழுதுங்கள். காலை 5.30 முதல் 6.15 வரை தண்ணீர், 6.15 முதல் 7 வரை சமையலுக்கு உதவி என்று வரிசையாக. புகாராகச் சொன்னால் வாக்குவாதத்தில் முடியும். எழுதிய தாளாகக் காட்டினால் பெற்றோர் நின்று பார்க்கிறார்கள். "அம்மா, தேர்வு முடியும் வரை காலைத் தண்ணீர் வேலையை அண்ணன் பார்க்கட்டும்" என்று ஒரே ஒரு வேலையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டால் கிடைக்காது. ஒரு வேலை கை மாறினால் வாரத்துக்கு ஐந்து மணி நேரம் வரும்.

கேட்கவே முடியாத வீடு என்றால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேச எங்களுக்கு உரிமையும் கடமையும் உண்டு. இதைப் படிக்கும் அண்ணன்களுக்கும் அப்பாக்களுக்கும்: குடத்தைத் தூக்க ஆண் பிள்ளைக்கும் கை இருக்கிறது.

11. என் மகன் 480 போதும் என்கிறான். 560 வாங்கக்கூடிய பிள்ளை. எங்கள் இலக்கை அவனுக்கு எப்படிப் புரிய வைப்பது?

அவன் 480 என்று எதை வைத்துச் சொல்கிறான் என்று முதலில் கேளுங்கள். தான் சேர விரும்பும் கல்லூரியின் சென்ற ஆண்டு நிலவரத்தைப் பார்த்துச் சொல்கிறான் என்றால் அது சிந்தித்து வைத்த எண், மதியுங்கள். தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் சொல்கிறான் என்றால் எண்ணைப் பற்றிப் பேசிப் பயனில்லை. எந்தப் பாடம் பயமுறுத்துகிறது என்று பேசுங்கள்.

முதல் பதிலில் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். "இந்த வாரம் எதை முடிக்கப் போகிறாய், நான் என்ன உதவி செய்யட்டும்?" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்காதீர்கள்.

12. நீட்டுக்கும் பொதுத்தேர்வுக்கும் ஒன்றாகப் படிக்கிறேன். இரண்டும் கெட்டுவிடுமோ?

பாடங்கள் ஒன்றுதான், கேட்கும் விதம் வேறு. பொதுத்தேர்வு விரிவாக எழுதச் சொல்கிறது. நீட்டில் 180 நிமிடத்தில் 180 கேள்விகள், மொத்தம் 720 மதிப்பெண். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும். ஆகவே பாடத்தைப் பொதுவாக வையுங்கள்: வார நாளில் ஒரு பாடத்தைப் பள்ளிப் புத்தகத்தில் புரிந்து எழுதிப் பாருங்கள், அதே பாடத்தின் கொள்குறி வினாக்களைச் சனிக்கிழமை நேரம் வைத்துப் போடுங்கள். திங்கட்கிழமை பள்ளியில் ஒரு பாடம், பயிற்சி மையத்தில் வேறு பாடம் என்று ஓடினால் இரண்டும் அரைகுறையாகிவிடும். பிப்ரவரி முதல் பொதுத்தேர்வு முடியும் வரை நீட்டைத் தள்ளி வையுங்கள். நீட் பெரும்பாலும் மே மாதத் தொடக்கத்தில்தான் வருகிறது, இடையில் சில வாரங்கள் முழுதாகக் கிடைக்கும்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. உங்கள் இலக்கை அந்தப் பட்டியலின் நிலவரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொதுப் பட்டியலைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

13. அரையாண்டில் கணிதத்தில் 22. ஜனவரி வந்துவிட்டது. இனி என்ன செய்ய முடியும்?

நூற்றுக்கு நூறு இனிக் கடினம். அதை நேராகச் சொல்லிவிடுகிறேன். நல்ல தேர்ச்சி முடியும். ஜனவரி தொடக்கத்திலிருந்து மார்ச் தொடக்கம் வரை ஏறத்தாழ 9 வாரம். உங்கள் வார நேரத்தில் கணிதத்துக்கு 6 மணி ஒதுக்கினால் 54 மணி நேரம். 12 பாடங்களையும் தொட்டால் ஒன்றுக்கு நாலரை மணிதான், எதுவும் நிற்காது. ஆறு பாடங்களை எடுத்தால் ஒன்றுக்கு ஒன்பது மணி நேரம்.

அணிகள், கலப்பு எண்கள், பகுமுறை வடிவியல், வெக்டர், நிகழ்தகவுப் பரவல்கள், தனிநிலைக் கணிதம் ஆகியவற்றை நான் சொல்வேன். தனிநிலைக் கணிதத்தில் தொடங்குங்கள். மெய் அட்டவணை போட முந்தைய வகுப்புகளில் விட்டுப்போன எதுவும் தேவையில்லை. முதல் வாரத்திலேயே "எனக்கும் வருகிறது" என்ற தெம்பு கிடைக்கும். அணிகளுக்குக் கூட்டல், பெருக்கல், பொறுமை போதும். வினாத்தாளின் 90 மதிப்பெண்ணில் 20 ஒரு மதிப்பெண் வினாக்கள். 12 பாடங்களுக்கும் புத்தகத்தில் உள்ள ஒரு மதிப்பெண் வினாக்களை மட்டும் பஸ்ஸிலும் இடைவேளையிலும் பாருங்கள். ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஏழுக்கும் "அல்லது" உண்டு என்பதால் ஆறு பாடங்கள் முழுமையாகத் தெரிந்தவருக்கு எழுத இடம் இருக்கும்.

14. நான்கு நாள் ஒன்றும் படிக்கவில்லை. எல்லாம் போய்விட்டதுபோல் இருக்கிறது. விட்டதையெல்லாம் சேர்த்துப் படிக்க வேண்டுமா?

வேண்டாம். நான்கு நாள் பாக்கியை ஐந்தாம் நாளின் தலையில் ஏற்றினால் ஐந்தாம் நாளும் போய்விடும். இன்றைய வேலையை இன்று செய்யுங்கள். விட்டதில் முக்கியமானதை மட்டும் மூன்றாவது பதிலில் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக் காலி இடத்தில் வையுங்கள், மற்றதை அடித்துவிடுங்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளில் வந்தது, சிலருக்கு 254 வரை போகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறியது அதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

நான்கு நாளும் எதன்மேலும் ஆர்வம் இல்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு இருந்தது என்றால் அது நேர மேலாண்மைப் பிரச்சினை இல்லை. வீட்டிலோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டும் கட்டணமில்லாதவை.

15. எல்லாம் செய்தும் ஒரு பாடத்தில் போய்விட்டால் ஒரு வருடம் வீண்தானே?

வீணாகாது. முடிவு வந்தபின் அதே ஆண்டு கோடையிலேயே துணைத் தேர்வு நடக்கிறது. தவறிய பாடத்தை மட்டும் எழுதித் தேர்ச்சி பெற்று அதே ஆண்டு கல்லூரியில் சேர்ந்தவர்கள் எங்கள் பள்ளியிலேயே இருக்கிறார்கள். பொறியியல் சேர்க்கையிலும் துணைத் தேர்வில் தேறியவர்களுக்குத் தனியாகத் துணைக் கலந்தாய்வு உண்டு. விண்ணப்பிக்கத் தரப்படும் நாள்கள் குறைவு. முடிவு வந்த அன்றோ மறுநாளோ பள்ளிக்கு வந்து தலைமையாசிரியர் அறையில் கேளுங்கள். விண்ணப்பித்த கையோடு, பதின்மூன்றாவது பதிலில் உள்ள கணக்கை மீதமுள்ள வாரங்களுக்குப் புதிதாகப் போட்டுக்கொண்டு என்னிடம் வாருங்கள்.